இரண்டு வீடுகளும் ஒரு சராசரியும்

போன மாதம் பாரதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது கள விசாரணையாளராக இருக்கிற பெண். ஒரத்தநாடு பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு பேசினாள்.

"மேடம், பெரிய கேட்டு. எத்தனை தடவ வந்தாலும் வாட்ச்மேன் ஐயா ஊருல இல்லன்னு அனுப்பிடுறாரு. உள்ள கார் நிக்குது, எனக்கே தெரியுது. மாத்து வீடு போட்டுக்கலாமா?"

"விதிப்படி போட்டுக்கலாம்."

"போட்டுக்கலாம், சரி. நீங்க இருந்தப்ப என்ன பண்ணுவீங்க?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது அரசின் கணக்கெடுப்பு அலுவலகம் ஒன்றில். மக்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், என்ன செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது வேலை. நாட்டில் மேல்தட்டில் இருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இவ்வளவு தூரம், அது கூடியது, குறைந்தது என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அந்த எண்களின் அடியில் எங்களைப் போன்றவர்களின் செருப்புத் தேய்மானம் இருக்கிறது. தஞ்சாவூரில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்த எனக்கு, படிப்பு முடிந்ததும் பரீட்சை எழுதிக் கிடைத்த வேலை. சென்னையில் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நினைவில் நிற்பது வகுப்பறையின் மின்விசிறிச் சத்தம்தான். தொழிலைக் கற்றது ஊர்களில். தோள்பையும் சேலையுமாக வருகிற எந்தப் பெண்ணையும் எங்கள் பக்கத்து ஊர்களில் டீச்சர் என்பார்கள். ஓய்வு பெறும்வரை நானும் டீச்சர்தான்.

வேலை இப்படிப் போகும். மேலிடத்திலிருந்து ஊரின் பெயர் வரும். நாங்கள் போய்த் தெருத் தெருவாக நடந்து வரைபடம் போடுவோம். ஒவ்வொரு வாசலிலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதுவோம். நிலம், வாகனம், உத்தியோகம் பற்றி மேலோட்டமாக நாலு கேள்வி கேட்டு, வசதியான வீடுகளைத் தனியாகவும் மற்ற வீடுகளைத் தனியாகவும் பிரிப்போம். பிறகு அச்சடித்த எண் அட்டவணையைப் பார்த்து இரண்டு பிரிவிலிருந்தும் குலுக்கல் முறையில் சில வீடுகளை எடுப்போம். எந்த வீடு வரும் என்பது நம் கையில் இல்லை. வந்த வீட்டில்தான் நீண்ட விசாரணை. வருமானம் என்னவென்று நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் செலவிலிருந்து ஆரம்பிப்போம். அரிசி பருப்புக்குப் போன மாதம். காய், பால், முட்டை, மீனுக்குப் போன வாரம். துணி, நகை, வைத்தியம், வண்டிக்குப் போன வருடம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் வரவைப் பற்றிப் பேசும்போது ஆட்கள் இளகியிருப்பார்கள்.

வீட்டுக்காரர் மறுத்துவிட்டால் பட்டியலில் அதே பிரிவில் உள்ள வேறு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அதுதான் மாற்று வீடு. கூலிக்காரர்கள் வீட்டில் இது அநேகமாகத் தேவைப்படாது. பாய் போட்டு உட்காரவைத்து, கேட்காததையும் சொல்வார்கள். கதவு திறக்காதது எப்போதும் மறுபக்கத்தில்தான். பெரிய மில் முதலாளி வரவில்லையென்றால் அவருக்குப் பதில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வீடு வரும். காகிதத்தில் இரண்டும் 'வசதியான வீடு'.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஜமால் சார். கடற்கரை ஊர்க்காரர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கலெக்டரிடம் என்ன மரியாதையோ அதே 'ங்க'வைத்தான் மாடு மேய்க்கிற பையனிடமும் போடுவார். எந்த வீட்டிலும் காபி குடிக்க மாட்டார். ஏழை வீட்டில் குடித்தால் அவர்களுக்குச் செலவு, பணக்கார வீட்டில் குடித்தால் நமக்குக் கடன் என்பார். வெயிலில் எங்களோடு நடந்துவிட்டுத் தன் பாட்டில் தண்ணீரை நிழலில் நின்று குடிப்பார்.

நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் படிவத்தை அவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன்.

"முதல் பக்கத்துல எல்லாரும் யோக்கியமா இருப்பாங்க எஸ்தர்மா. களைப்பு வர்ற இடத்துலதான் சொல்றவங்க குத்துமதிப்பா சொல்லுவாங்க, எழுதுறவங்களும் குத்துமதிப்பா எழுதுவாங்க."

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்பார். "இது அவங்க சொன்னதா, நீங்க நினைச்சதா?" நான் நினைத்தது என்றால் படிவத்தைத் திருப்பித் தந்துவிடுவார். திட்டமாட்டார். மறுநாள் நான் மறுபடி பஸ் ஏறவேண்டும், அவ்வளவுதான்.

நான் சொல்லவந்த ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம். இங்கே வரும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அந்த ஊரில் வசதியான பிரிவில் குலுக்கலில் விழுந்தது மில்லுக்காரர் வீடு. நவீன அரிசி ஆலை, லாரிகள், தஞ்சாவூரில் கல்யாண மண்டபம், ஆற்றின் இரு பக்கமும் நிலம். மற்ற பிரிவில் விழுந்தவற்றில் ஒன்று அஞ்சலை வீடு.

அஞ்சலை நடவு வேலைக்குப் போகிறவள். கணவன் இறந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள், வயதான மாமனார். ஓட்டுக்குப் பதில் தகரம் போட்ட வீடு. நான் போனது நடவு முடிந்து அறுப்புக்கு இன்னும் நாள் இருந்த காலம். நடவுக்கு இயந்திரம் வந்ததிலிருந்தே வேலை பாதியாகிவிட்டது என்றாள்.

"போன வாரம் பால் வாங்குனீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"முட்டை?"

"இல்லீங்க."

"மீனு, கறி?"

"கருவாடு ஒரு நாளு. அதும் பக்கத்து வீட்டுல குடுத்தது. அத எழுதுவீங்களா?"

"எழுதுவேன். சும்மா வந்ததையும் எழுதணும்."

மாமனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மில்லுக்காரர் வீட்டு வயலிலேயே ஆயுளைக் கழித்தவர். ரேஷன் அரிசி எத்தனை நாளுக்கு வரும் என்று நான் கேட்டபோது அவரே பதில் சொன்னார். "எனக்கு இப்பல்லாம் பசிக்கிறதே இல்லீங்கம்மா. அதுக நல்லா சாப்புடுதுக."

அஞ்சலை அவரைத் திரும்பிப் பார்த்தாள். நான் அரிசி அளவை எழுதினேன். நான்கு பேருக்கு அது போதாது என்று எழுதும்போதே தெரிந்தது. வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன், கடையில் விசாரித்தேன், பாத்திரத்தையும் பார்த்தேன். அதே அளவுதான் வந்தது. ஜமால் சாரே நேரில் போய் அஞ்சலையிடம் மறுபடி கேட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

மில்லுக்காரர் வீட்டில் கதவு திறக்கப் பல வாரங்கள் ஆயின. ஒருநாள் வீட்டுக்காரர் சென்னை போயிருந்தார். வாட்ச்மேன் வழக்கம்போல் கையை ஆட்டினான். மாடியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "யாருடா அது, வெயில்ல நிக்கிறது? உள்ள விடு" என்றார். அவர்தான் வீட்டுக்காரரின் மனைவி வசந்தா. ஐம்பது வயதைத் தாண்டியவர், பெரிய இடத்துப் பெண். வீட்டில் அந்த நேரம் சமையல்காரம்மாவைத் தவிர யாருமில்லை.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், சொன்னால் வெளியே போகாது என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல என்னைய யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. கேளுங்க."

செலவெல்லாம் அவருக்கு மனப்பாடம். மகள் கல்யாணம், நகை, புதுக் கார், சென்னை ஆஸ்பத்திரி, வெளிநாட்டுப் பயணம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அளந்து பேசினார், அலட்டிக்கொள்ளவில்லை. வரவுப் பகுதி வந்தபோதுதான் நின்றார்.

"இது எனக்குத் தெரியாதே. இருங்க."

போனை எடுத்து மில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். நான் எழுத வசதியாகச் சத்தமாக வைத்தார்.

"மில்லுல போன வருஷம் என்ன நின்னுச்சு?"

"எதுக்கும்மா கேக்குறீங்க?"

"எனக்குத் தெரியக்கூடாதா? பாதி என் பேருலதானே இருக்கு?"

கணக்குப்பிள்ளை சொல்ல ஆரம்பித்தார். மில், லாரி, மண்டபம், வட்டி, நிலம். எங்கள் படிவத்தில் ஒவ்வொரு தொகைக்கும் கட்டங்கள் அச்சடித்திருக்கும், கட்டத்துக்கு ஒரு இலக்கம். மொத்தத் தொகையை எழுதும்போது கட்டங்கள் போதவில்லை. ஓரத்து வெள்ளை இடத்தில் மீதியை எழுதினேன். அந்தப் படிவத்தை அச்சடித்தவர்கள் இப்படி ஒரு வீட்டை எதிர்பார்க்கவேயில்லை.

"எங்க அப்பா குடுத்த நிலம்? அதுல என்ன வருது?" என்று வசந்தா அம்மாள் கேட்டார்.

"அது போன வருஷமே கிரயம் பண்ணிக் குடுத்தாச்சேம்மா. நீங்கதானே வந்து கையெழுத்துப் போட்டீங்க."

"மில்லு பேப்பருன்னுல்ல சொன்னாரு?"

அம்மாள் போனை வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பேனாவை மூடினேன். "இதோட நிறுத்திக்கலாம்மா" என்றேன்.

"வேண்டாம். நிலம் வித்ததுன்னு ஒரு இடம் இருக்கும்ல உங்க பேப்பர்ல? அதுல எழுதுங்க. எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்."

ஜமால் சார் அந்தப் படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். போனில் நடந்ததைச் சொன்னேன். கூட்டல்களைத் தானே இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு மூடிவைத்த படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு வீடு உள்ள வந்ததே இல்லம்மா. ஒண்ணு கதவைத் திறக்க மாட்டாங்க. திறந்தா நஷ்டத்துல ஓடுதுன்னு சொல்லுவாங்க. இந்த ஒரு வீடு இதே மாதிரி பல வீட்டுக்குச் சாட்சி."

வாரம் திரும்புவதற்குள் மில்லுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே ஒரு வக்கீல். சார் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

"எங்க வீட்டுப் பொம்பள விவரம் தெரியாம என்னமோ பேசியிருக்கா. அந்தப் பேப்பரக் குடுத்துடுங்க. நான் சரியா எழுதித் தாரேன்."

"நீங்க சொல்றதையும் தனியா எழுதிக்கறேங்க. அவங்க சொன்னதைக் குடுக்க முடியாதுங்க."

"இன்கம்டாக்ஸுக்கு அனுப்பப் போறீங்களா?"

"இல்லீங்க. அவங்களே வந்து கேட்டாலும் காட்ட மாட்டோம். உங்களுக்கும் காட்ட மாட்டோம்."

"என் வீட்டப் பத்தினதை எனக்கே காட்ட மாட்டீங்களா?"

"சொன்னது அவங்கங்க."

மில்லுக்காரர் சாரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க போயிப் பேசணுமோ அங்க பேசிக்கிறேன்" என்று எழுந்தார். சார் வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து அந்தப் படிவத்தை அன்றே மேலிடத்துக்கு அனுப்பும் கட்டோடு சேர்த்துத் தன் கையாலேயே அரக்கு வைத்தார்.

சில வாரங்களில் ஜமால் சாருக்கு இடமாற்றல் வந்தது. நாட்டின் மறுகோடி. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்த மனிதர், மனைவிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த சமயம். காரணம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. வழக்கமான மாற்றல் என்றுதான் இருந்தது. மனு எழுதிக் கொடுங்கள் சார் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். எழுதினார், பதில் வரவில்லை. போன இடத்தில் இருந்தபோதே மனைவி நாகப்பட்டினத்தில் இறந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. நான் போயிருந்தேன். மனைவியை அடக்கம் செய்திருந்த மையவாடியிலிருந்து திரும்பி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்றார்.

வசந்தா அம்மாளை நான் மறுபடி பார்க்கவில்லை. சென்னை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். ஒரேயொரு முறை அலுவலகத்துக்குப் போன் வந்தது. யாருடைய போனிலிருந்தோ பேசினார்.

"டீச்சர், நான் சொன்னது உங்ககிட்ட பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கும்மா. மேலிடத்துக்குப் போயிடுச்சு."

"அவரு வாங்கிட்டாரோன்னு நெனைச்சேன்."

"யாராலயும் வாங்க முடியாதும்மா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்தப் போனுக்குப் பிறகுதான் மேலிடத்திலிருந்து தாள் வந்தது. சரிபார்ப்பில் தேறாத வீடுகளின் விவரம். எங்கள் மாவட்டப் பக்கத்தில், ஒரே ஊரில், இரண்டு வீடுகள். மில்லுக்காரர் வீட்டுக்கு எதிரே, 'அசாதாரண மதிப்பு. நீக்கப்பட்டது' என்று இருந்தது. அஞ்சலை வீட்டுக்கு எதிரே, 'இந்த அளவு உணவில் நான்கு பேர் உயிர்வாழ இயலாது. நேரில் சென்று சரிசெய்து அனுப்பவும்.'

முதல் வீட்டுக்காக மேலிடத்துக்குப் போன் செய்தேன். பேசிய அதிகாரி மரியாதையாகவே பேசினார்.

"உங்க மேல சந்தேகமில்ல மேடம். ஆனா மத்த பெரிய வீடுகளோட சேத்துப் பாத்தா இது மட்டும் தனியா நிக்குது. தவறுன்னு எடுத்துக்கறதுதான் முறை."

"மத்தவங்க குறைச்சுச் சொல்லியிருக்காங்க சார். அதனாலதான் இது தனியா நிக்குது."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

இல்லை. பொய் சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னது ஒன்றோடொன்று ஒத்துப்போனது. உண்மை சொன்னவர் ஒருவர். வசந்தா அம்மாள் சொன்னதை அவர் கணவரால் வாங்க முடியவில்லை. அதை எடுத்து எறிந்தது எங்கள் முறை.

ஜமால் சார் இருந்த நாற்காலிக்கு வந்திருந்தவர் தினகர். இளைஞர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அறிக்கை போகவேண்டிய கெடு அவரை அழுத்திக்கொண்டிருந்தது. "அந்த இன்னொரு வீட்டையாவது போய்ப் பாத்து முடிச்சிடுங்க மேடம்" என்றார்.

அறுப்பு முடிந்து வயலெல்லாம் நெல் அடித்தாளாகக் கிடந்த நேரத்தில் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. முந்தைய தடவை அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் ஆபீசர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், ரேஷன் கார்டை வெட்டப் போகிறார்கள் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்காரப் பாய் போட்டாள். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"பாலு தெனம் வாங்குறேன் டீச்சர். முட்டை வாங்குறேன். மீனும் உண்டு."

"யார்கிட்ட பால் வாங்குறீங்க?"

முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அஞ்சல, உங்க கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. யாரும் எதையும் வெட்ட மாட்டாங்க. அன்னிக்குச் சொன்னது உண்மைதானே?"

"உண்மையச் சொன்னதுக்குத்தானே நம்பாம திரும்ப வந்திருக்கீங்க? என்ன எழுதுனா உங்களுக்குச் சரியா வருமோ அதையே எழுதிக்கிடுங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு எத்தன தடவதான் என் வாயால சொல்லச் சொல்லுவீங்க?"

நான் படிவத்தைக் கீழே வைத்தேன். அப்போதுதான் சுவரோரம் காலியாக இருப்பதைக் கவனித்தேன்.

"மாமா எங்க?"

"போயிட்டாரு. தையில." பிறகு மெல்லச் சொன்னாள். "வயசாயிருச்சுன்னு டாக்டரு சொன்னாரு. வயசு மட்டும் காரணமில்ல டீச்சர். வேணாம் வேணாம்னே சொல்லிக்கிட்டிருப்பாரு. நாங்களும் சரின்னு விட்டுட்டோம்."

மேலிடத்துத் தாள் என் பையில் இருந்தது. இந்த உணவில் நான்கு பேர் உயிர்வாழ இயலாது என்று யாரோ ஒருவர் கணக்குப் போட்டுச் சரியாகத்தான் எழுதியிருந்தார். அவர் எழுதி அனுப்பியபோது மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அலுவலகத்துக்கு வந்து, முன்பு எழுதிய அளவு அனைத்தும் சரி, விசாரணைக்குப் பின் குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்று குறிப்பு எழுதி தினகரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவர் கால்குலேட்டரை எடுத்தார்.

"இப்ப மூணு பேருதானே மேடம்? மூணால வகுத்தா தலைக்கு வர்ற அளவு தேறிடுது பாருங்க."

"நான் விசாரிச்சப்ப நாலு பேரு சார். அந்தச் சாப்பாட்ட நாலு பேரு பிரிச்சுச் சாப்பிட்டாங்க."

"குறிப்பெல்லாம் மிஷினு படிக்காது மேடம். நாலுன்னு போனா திரும்பவும் வரும். நீங்களும் திரும்ப அந்தம்மா வீட்டுக்குப் போகணும்."

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதிகாரி கையெழுத்து மட்டும் போதும் என்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கை அடித்து மூன்று என்று எழுதினார். பெயர்கள் இருந்த பக்கத்தில் கிழவரின் வரியைக் கோடு போட்டு நீக்கினார். அஞ்சலை வீட்டு அரிசி அப்படியே இருந்தது, ஒரு மணிகூடக் கூடவில்லை. தலைக்கு வரும் அளவு மட்டும் உயர்ந்தது. அந்தப் படிவம் மேலிடத்திலிருந்து திரும்பி வரவில்லை.